நீலம் படிந்த நான்கு வரிகள்

கல்முனைக்குடி
18.09.1982

அன்புள்ள சுபைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் றாஹிலாவும் உன் உம்மாவும் உன் தங்கச்சி ஜெமீலாவும் சுகம். நீயும் சுகமாக இருக்கத் தொழுகையில் கேட்கிறேன். ஐந்து நேரமும் நான் தொழுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் தொழுகிற நேரத்தில் கூட்டிக் கேட்கிறேன்.

உன் கடிதமும் அதற்குள் நீ மடித்து வைத்த பழங்களும் வந்தன. எசமானியின் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த புளூபெரி, மிஞ்சியதைக் குப்பையில் கொட்டச் சொன்னார்கள், ஆறு பழத்தைத் தலைத்துணியில் முடிந்துகொண்டேன் என்று எழுதியிருந்தாய். குப்பைக்குப் போகிற பழத்தைக்கூட நீ ஒளித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. வாசித்ததும் எரிச்சல் வந்தது. உன்மேல் இல்லை.

பழங்கள் தபாலில் நசுங்கிவிட்டன. கடைசிப் பக்கத்தில் நான்கு வரி முழுக்க நீலம். ஒரு எழுத்தும் தெரியவில்லை. அங்கே நீ வழமையாக ஊராருக்கு ஸலாம் எழுதுவாய், அதுதான் என்று விட்டுவிட்டேன். வேறு ஏதும் கேட்டிருந்தால் என் பதில் ஓம் என்று வைத்துக்கொள். நீ கேட்டு நான் எதற்கு மாட்டேன் என்றேன்?

நசுங்கியதில் தூசி போல விதைகள் இருந்தன. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலாளி ஜவுபர் ஹாஜியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "பத்தைக்குள்ள கிடக்கிற சூரப்பழத்தையாடா குவைத்தில இருந்து தபால்ல எடுப்பிச்சிருக்காய்?" என்றார். தேத்தண்ணி குடிக்க வந்த எல்லோரும் சிரித்தார்கள். காரைதீவிலிருந்து வரும் விவசாயப் போதனாசிரியர் செல்லத்தம்பி ஐயா மட்டும் சிரிக்கவில்லை. எங்கோ புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொன்னார்: "தம்பி, இதுக்கு மண் புளிக்க வேணும். தண்ணியில உப்புக் கூடாது. வருஷத்தில ரெண்டு மாசம் விறைக்க வேணும். இதில ஒண்டும் உன்னட்ட இல்ல."

மண்ணைப் புளிக்க வைக்கலாம் என்று முதலில் கொறுக்காய்ப்புளி கரைத்த தண்ணீரை ஊற்றப் போனேன். ஐயா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவரே தேயிலைச் சக்கையைப் போடச் சொன்னார். அது நம்முடைய கடையில் வாளி வாளியாகக் கிடக்கிறதே. விதை இப்போது மீன் வாடியில், ஐஸ் பெட்டிக்குள், பொலித்தீனில் கிடக்கிறது. விதைக்கு ஒரு மாதம் விறைத்தால் போதுமாம். உன் பழம் மீன் மணத்தால் என்னைக் குறை சொல்லாதே.

றாஹிலா நீ அனுப்பிய சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள்.

உன் சரீப்


கல்முனைக்குடி
06.02.1983

அன்புள்ள சுபைறாவுக்கு,

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பைத் தரட்டும். உன் கடிதங்கள் குட்டையாகிக்கொண்டு வருகின்றன. வேலை கூடவா, இல்லை எழுத ஒன்றும் இல்லையா?

இதை என் தங்கச்சி அஸீஸாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் மாமி என்னைக் கூப்பிட்டு, "மனே, கலியாணம் முடிக்காத குமர் இரிக்கிற வீடு. பொஞ்சாதி இல்லாத நேரம் நீங்க இஞ்ச படுக்கிறத ஊர் கதைக்குது. கொஞ்ச நாளைக்கு உங்கட உம்மாட வீட்ட நில்லுங்களன்" என்றார். உம்மாவின் வீடு ஏது? அஸீஸாவுக்குச் சீதனமாகப் போய் ஆறு வருஷம். மச்சான் நல்ல மனிதர்தான். ஆனால் நான் வந்த நாளிலிருந்து அவர் தன் வீட்டுக்குள்ளேயே செருமிக்கொண்டுதான் நுழைகிறார். அந்தச் செருமலின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

நமது ஊரில் பெண் பிறந்தால் வீடு கட்டக் கல் தேடுகிறார்கள். ஆண் ஒரு சாரனோடும் சேட்டோடும் அந்த வீட்டுக்குள் போய்க் குந்துகிறான். குந்தியவர்களெல்லாம் வெள்ளிக்கிழமை பள்ளியில் முன்வரிசையில் நின்று நியாயம் கதைக்கிறார்கள். நானும் அப்படித்தான் உன் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு எனக்கு வெட்கம் வரவில்லை. இன்றைக்கு வருகிறது, காலம் கடந்து.

செடிகள் பற்றிக் கேட்டிருந்தாய். விதைத்த நாற்பதாம் நாள் முளைத்தன. ஐந்து தப்பியிருக்கின்றன. பால்மாப் பேணியிலிருந்து எண்ணெய்த் தகரங்களுக்கு மாற்றி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, வயல் மண்ணும் தேயிலைச் சக்கையும் கலந்து வைத்திருக்கிறேன். மாரி மழையில் ஒரு பீப்பா நிறையத் தண்ணீர் பிடித்தேன். கிணற்றுத் தண்ணீர் காட்டுவதில்லை. "நிலத்தில வையுங்களன் மச்சான், தகரத்தில ஏன் வதைக்கிறீங்க?" என்று ஜெமீலா கேட்டாள். நிலத்தில் உப்பும் சிப்பியும் என்றேன். நிலம் என்னுடையதில்லை என்று சொல்லவில்லை.

தகரங்கள் உன் வீட்டு முற்றத்தில்தான் இருக்கின்றன. காலையில் தண்ணீர் ஊற்றப் போகிற சாட்டில் மகளைப் பார்க்கிறேன்.

ஜெமீலாவுக்கு மருதமுனையில் ஒரு மாப்பிள்ளை பேசுகிறார்கள். வீடு வேண்டுமாம், அதுவும் நோன்புக்கு முன்னர். அவளுக்கு வீடு கட்ட என்றுதானே நீ போனாய். அதன் அத்திவாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஆடு கட்டியிருக்கிறார். அவர்களுக்கு எந்த வீட்டைக் கொடுக்கப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மாமியிடம் கேட்டால், "எல்லாம் சுபைறாக்குத் தெரியும்" என்கிறார். உனக்கு என்ன தெரியும்? எழுது.

உன் சரீப்


கல்முனை, கடையின் பின்னறை
11.06.1983

சுபைறா,

ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். கோபத்தோடு எழுதினாலும் ஸலாம் ஸலாம்தான்.

ஜெமீலாவின் கலியாணம் போன வியாழக்கிழமை முடிந்தது. நீ அனுப்பிய சாரியில் வடிவாக இருந்தாள். அவள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. புது மாப்பிள்ளை நம்முடைய அறையில் இருக்கிறார். மாமியும் றாஹிலாவும் குசினியோடு சாய்த்து இறக்கிய பத்தியில் படுக்கிறார்கள்.

கலியாணத்துக்குப் பத்து நாளைக்கு முன்னர்தான் எனக்குச் சொன்னார்கள். நான் மாமியோடு சத்தம் போட்டேன், உண்மை. அவர் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. தலையணை உறைக்குள்ளிருந்து உன் கடிதத்தை எடுத்துத் தந்தார். நம்முடைய வீட்டை ஜெமீலாவுக்குக் கொடுங்கள், நான் இன்னும் இரண்டு வருஷம் நின்று எங்களுக்கு வேறு வீடு கட்டுகிறேன், அவரிடம் எழுதிக் கேட்டேன், அவர் ஓம் என்று எழுதிவிட்டார் என்று இருந்தது.

அந்தப் பழைய கடிதத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நீலம்தான் தெரிந்தது.

எழுத்துத் தெரியவில்லை என்று நான் எழுதியதை நீ வாசித்திருப்பாய். ஆனாலும் ஓமை மட்டும் எடுத்துக்கொண்டாய். இதை உன் பிழை என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒன்றை இரண்டாம் தரம் எழுத உனக்குக் கை வந்திருக்காது. பார்க்காத கேள்விக்கு ஓம் சொன்ன மடையன் நான்.

கலியாணத்துக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அடித்தவர்கள் தூரிகைகளைக் கழுவி என் தகரங்களுக்குள் ஊற்றியிருக்கிறார்கள். புளிக்கிற மண்ணில் வாழ்கிற செடிக்குச் சுண்ணாம்பு நஞ்சு. நான்கு நாளில் நான்கு செத்துவிட்டன. வேலியோரம் மறைவாக நின்றது மட்டும் தப்பியது. அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். அஸீஸா வீட்டுக்குத் திரும்பவும் போக மனம் வரவில்லை. ஹாஜியார், "அரிசி மூட்டைக்குப் பக்கத்தில இடம் இரிக்கி, நீயும் உன்ட மரமும் கிடங்க" என்றார். நோன்பு தொடங்கினால் பகலில் கடை பூட்டு. நானும் இதுவும்தான்.

நான் புறப்படும்போது றாஹிலா வாசல் கடப்படியில் வந்து நின்று, "வாப்பா, போயிட்டு வாங்க" என்றாள். வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் அன்று அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செடி ஒரு முழம் உயரம். காய்க்காது. இங்கே அதற்கு விறைப்பு இல்லை என்று ஐயா முதல் நாளே சொன்னார். எனக்கும் தெரியும். ஆனாலும் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஓகஸ்டில் உன் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது. அந்த நான்கு வரிக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன்: எனக்குச் சம்மதமில்லை. வீட்டைக் கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும், திருப்பிக் கேட்க மாட்டேன். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்காதே. எனக்கு ஒரு வீடு வேண்டும் என்பதற்காக இன்னொருவருடைய வீட்டை நீ கழுவ வேண்டாம். வந்தால் இருக்க இடம் இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த அத்திவாரத்தில் ஓலை போடலாம். ஆட்டை அவிழ்க்கச் சொல்கிறேன். வா.

அல்லாஹ் உன் கையையும் காலையும் நோவில்லாமல் காப்பாற்றி, உன் மகளிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். இதில் ஏதாவது ஒரு வரி உனக்குத் தெரியாமல் போனால், என்னைப் போல ஓம் என்று எழுதிவிடாதே. இரண்டாம் தரமும் கேள்.

உன்னைப் பார்த்திருக்கும்
சரீப்