லிஸ்பனில் ஐந்து நாள்

லிஸ்பன்
10 ஆகஸ்ட் 2025

அன்பு மேரிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நீ அழுகிறாய், நான் கட் பண்ணிவிடுகிறேன். அதனால் நீ சொன்னபடியே இனி கடிதம்தான். எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பினால் நீ படிக்கும்போது நான் எழுதியது எனக்கே மறந்திருக்கும்.

நல்ல செய்தி ஒன்று. இங்கே தங்குவதற்கான கார்டு கடைசியில் கைக்கு வந்துவிட்டது. ஹோட்டல் முதலாளி அக்டோபர் கடைசியில் விடுப்புத் தருகிறேன் என்கிறார். உடனே உன் நினைப்புதான் வந்தது. நீ இங்கே வா மேரி. ஐந்து நாள் ஊரைச் சுற்றிப் பார்ப்போம். கல்யாணமாகி நாம் எங்கே போயிருக்கிறோம், வேளாங்கண்ணியும் வைகை அணையும் தவிர?

இது மேடும் பள்ளமுமான ஊர். மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய டிராம் வண்டி சந்துக்குள் புகுந்து போகும். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் வீட்டுச் சுவர் தட்டும். நம்ம அந்தோணியார் இத்தாலியில் இருக்கிற பதுவையில் பிறந்தவர் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? இல்லை, பிறந்தது இங்கேதான். அந்த இடத்தில் கோயில் கட்டியிருக்கிறார்கள். முதல் நாள் உன்னை அங்கேதான் கூட்டிப் போவேன்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன்,
பெனடிக்ட்


உத்தமபாளையம்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமா,

கார்டு வந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி. அந்தோணியார் பிறந்தது லிஸ்பனில் என்று கோயிலில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அந்தோணியாரையே ஊர் மாற்றிவிட்டார் பெனடிக்ட் என்று சிரிக்கிறார்கள். உங்களை நம்பி ஒரு ஹோட்டல் சமையற்கட்டு நடக்கிறது என்பதை நானும்தான் இன்னும் நம்பவில்லை. வெந்நீரை அடிப்பிடிக்க வைத்தவராயிற்றே நீங்கள்.

எனக்கு வர ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன், உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் கார்டு வந்துவிட்டது என்றால் நீங்கள் ஊருக்கு வந்து போகலாம் என்றுதானே அர்த்தம்? முன்பெல்லாம், கார்டு இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பீர்கள். நானும் வாயை மூடிக்கொள்வேன். இனி என்ன தடை?

நம்ம பெனிட்டா போய் வருகிற டிசம்பரோடு நாலு வருடம். அவளுக்குக் கல்லறை கட்டி முடிக்கும் முன்பே நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். ஒரு கல்லறைத் திருநாளுக்குக்கூட அவள் பக்கத்தில் நின்றதில்லை. கல்லறைக்கு வெள்ளையடிப்பது நம்ம பக்கம் ஆம்பிளைகள் வேலை. ஒவ்வொரு வருடமும் பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டிதான் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவன் நம்ம பிள்ளைக்கு வெள்ளையடித்துவிட்டுப் போகிறான். போன வாரம் கேட்டான், "மதினி, இந்த வருசமாச்சும் அண்ணன் வருவாகளா?" நான் என்ன சொல்ல? அவளுக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். ஒன்று என் பங்கு, ஒன்று உங்கள் பங்கு.

அதனால் இப்படிச் செய்வோம். விடுப்பில் நீங்கள் இங்கே வாருங்கள். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, அவளுக்கு நீங்களே வெள்ளையடியுங்கள். மறுநாளே சேர்ந்து லிஸ்பன் போவோம். அது முடியாதென்றால், இரண்டாம் தேதியைத் தாண்டி எந்த நாள் சொன்னாலும் நான் வருகிறேன்.

உங்கள் மனைவி,
ஜெயமேரி


லிஸ்பன்
6 செப்டம்பர் 2025

அன்பு மேரிக்கு,

விசாவுக்கு வேண்டிய தாள்களை எல்லாம் அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் லீவு போட்டுச் சென்னை போய் வா.

இங்கே நடைபாதை எல்லாம் சின்னச் சின்ன வெள்ளைக் கல் பதித்தது. மழை பெய்தால் வழுக்கும். செருப்பு ஆகாது, ஷூ வாங்கிக்கொள். அக்டோபர் கடைசியில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். குன்றின் மேல் ஒரு கோட்டை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சிவப்பு ஓட்டு வீடுகளும் அதற்கப்பால் ஆறும் தெரியுமாம். ஏன் "தெரியுமாம்" என்கிறேன் தெரியுமா? இத்தனை வருடத்தில் நான் ஏறிப் பார்த்ததில்லை. அந்தோணியார் கோயிலுக்குள்ளும் கால் வைக்கவில்லை. எல்லாம் நீ வரும்போது என்று வைத்திருக்கிறேன். முட்டையும் பாலும் சேர்த்துச் சுடுகிற ஒரு பலகாரம் இங்கே பிரமாதம், அதை மட்டும் பொறுக்க முடியாமல் தின்றுவிட்டேன்.

தேதியைப் பற்றிக் கவலைப்படாதே. டிக்கெட் கிடைப்பதைப் பொறுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உன்,
பெனடிக்ட்


உத்தமபாளையம்
27 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமா,

பாஸ்போர்ட் இன்று விசாவோடு வந்துவிட்டது. சென்னையில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கவுண்டரில் இருந்த பெண், "திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டாள். பள்ளிக்கூட வேலை இருக்கிறது, திராட்சைப் பந்தல் இருக்கிறது என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை. "பசங்க இருக்காங்களா?" என்றாள். ஒரு பெண் என்றேன். கூட வருகிறாளா என்றாள். இல்லை, ஊரில்தான் இருக்கிறாள் என்றேன். "அப்ப சரி. குழந்தைய விட்டுட்டு எந்த அம்மா அங்கேயே தங்கிடப் போறாங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவி டீ குடித்தேன்.

தேனியில் ஷூ வாங்கிவிட்டேன். தினமும் போட்டு நடந்து பழகுகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "டீச்சர், ஓட்டப்பந்தயத்துக்கா?" என்கிறார்கள். பந்தலில் கவாத்து முடிந்து துளிர் விட்டிருக்கிறது. நான் இல்லாதபோது மொக்கம்மாள் பார்த்துக்கொள்வாள். கூலிக்கு வருகிறவள்தான், ஆனால் என்னை அதட்டுவதில் மாமியார் தோற்றாள். "ஏத்தா, போனமா வந்தமான்னு வராத. அவுகளக் கையோட கூட்டிட்டு வந்துரு. இங்கன நீ ஒத்தையில கெடக்குறது போதும்" என்கிறாள்.

தேதி சொல்லுங்கள் மாமா. இரண்டாம் தேதியைப் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை.

உங்கள் மனைவி,
ஜெயமேரி


லிஸ்பன்
8 அக்டோபர் 2025

அன்பு மேரிக்கு,

டிக்கெட் போட்டாகிவிட்டது! 29ஆம் தேதி இரவு கொச்சியில் ஏறுகிறாய். குமுளி வழியாகக் கார் வைத்துப் போய்விடு. 30ஆம் தேதி இங்கே வந்து இறங்குவாய், வாசலில் நான் நிற்பேன். அன்றைக்கு அந்தோணியார் கோயில். மறுநாள் டிராம், கோட்டை. ஒன்றாம் தேதி பழைய கடைவீதி. இரண்டாம் தேதி ஆற்றில் படகில் போய் முகத்துவாரத்துக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, ராத்திரி பாட்டுக் கச்சேரி. மூன்றாம் தேதி ஓய்வு. நான்காம் தேதி நீ கிளம்பலாம்.

அந்த நீலப் புடவையை மறக்காமல் எடுத்து வை.

உன்,
பெனடிக்ட்


உத்தமபாளையம்
9 அக்டோபர் 2025

மாமா,

இரண்டாம் தேதி படகா?

என்ன நாள் என்று மறந்துவிட்டீர்களா? மறந்துவிட்டேன் என்று எழுதுங்கள். கோபப்பட மாட்டேன். டிக்கெட்டை மாற்றிவிடலாம்.

மேரி


லிஸ்பன்
14 அக்டோபர் 2025

அன்பு மேரிக்கு,

மறக்கவில்லை. தெரிந்துதான் போட்டேன். ஒரே ஒரு வருடமாவது அந்த நாளில் நீ அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான் போட்டேன். போன நவம்பரில் நீ அனுப்பிய போட்டோவில் உன் முகத்தைப் பார்த்தேன். பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோனது. உன்னையும் அந்த மண்ணுக்குக் கொடுத்துவிட எனக்கு மனம் இல்லை.

இங்கே ஒரு கோயில் இருக்கிறது. இருநூற்றெழுபது வருடத்துக்கு முன்பு, நவம்பர் ஒன்றாம் தேதி, சகல புனிதர் திருநாள் அன்று, பூசை நேரத்தில் பூமி அதிர்ந்ததாம். கோயில்களில் ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகள் சாய்ந்து ஊரே எரிந்திருக்கிறது. பிறகு ஊரை முழுக்கத் திரும்பக் கட்டினார்கள். அந்த ஒரு கோயில் மட்டும் கூரை இல்லாமல் அப்படியே நிற்கிறது. இன்றைக்கு அதன் வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடிக்கிறார்கள். ஒருவன் கிட்டார் வாசிக்கிறான். சின்னப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அதை உனக்குக் காட்ட வேண்டும் மேரி. இப்படியும் இருக்கலாம் என்று காட்ட வேண்டும்.

உன்,
பெனடிக்ட்


உத்தமபாளையம்
20 அக்டோபர் 2025

அன்புள்ள மாமா,

நீங்கள் எழுதியதைப் படித்து உங்கள் மேல் இரக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊரையே திரும்பக் கட்டத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கோயிலுக்கு ஒரு கூரை போடத் தெரியாதா? போடாமல் வைத்திருக்கிறார்கள். காப்பி குடிக்கிறவர்கள் அதன் வாசலில் உட்கார்ந்துதானே குடிக்கிறார்கள், வேறு நாட்டுக்கு ஓடிப்போகவில்லையே?

கடைசியாக ஒன்று சொல்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். ஒரே ஒரு முறை வாருங்கள். நவம்பர் இரண்டாம் தேதி அவள் பக்கத்தில் என்னோடு நில்லுங்கள். அதற்குப் பிறகு பந்தலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, உங்களோடு லிஸ்பனுக்கே வந்துவிடுகிறேன். ஐந்து நாளைக்கு இல்லை, ஆயுசுக்கும். வருடத்துக்கு ஒரு முறை அவளைப் பார்க்க இருவரும் வருவோம். இதைவிட இறங்கி வர எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மனைவி,
ஜெயமேரி


லிஸ்பன்
27 அக்டோபர் 2025

மேரி,

என்னால் ஆகாது.

நீ சென்னையில் சொன்னாயே, ஒரு பெண், ஊரில் இருக்கிறாள் என்று. அதைத்தான் நான் இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு, கணக்கு நன்றாகப் போடுவாள் என்று. சமையற்கட்டில் விசாரிக்கிறார்கள், நானும் பதில் சொல்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கு அது நிஜமாகிவிடுகிறது. அந்தக் கல்லில் அவள் பெயரைப் பார்த்துவிட்டால் பிறகு நான் எதை வைத்துக்கொண்டு இருப்பேன்?

30ஆம் தேதி வாசலில் நிற்பேன். வந்துவிடு.

பெனடிக்ட்


உத்தமபாளையம்
2 நவம்பர் 2025

அன்புள்ள மாமா,

முப்பதாம் தேதி விமான நிலையத்தில் நின்றிருப்பீர்கள். கடைசி ஆள் வெளியே வரும்வரை நின்றிருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியும். நீலப் புடவை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

நேற்று பகல் முழுக்க மழை. சாயங்காலம் விட்டதும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போனேன். செல்லப்பாண்டி ஓடி வந்து வாளியைப் பிடித்தான். "நீ விடுப்பா, நானே அடிச்சுக்கிறேன்" என்றேன். பொம்பளை வெள்ளையடிக்கிறாள் என்று நாலு பேர் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். உங்கள் ஊருக்கென்று வாங்கிய ஷூவைத்தான் போட்டிருந்தேன். நீங்கள் சொன்னது சரிதான், சேற்றில் கொஞ்சம்கூட வழுக்கவில்லை.

பெயர் மேலே சுண்ணாம்பு படாமல் பார்த்து அடித்தேன். பிறந்த நாளும் இறந்த நாளும் தெளிவாகத் தெரிகின்றன. அவளுக்குப் பத்து வயது ஆகவில்லை மாமா. ஆறுதான். ஆறோடு நின்றுவிட்டாள். கணக்கும் அவளுக்கு வராது, மறந்துவிட்டீர்கள். உங்களோடு அங்கே வளர்கிற பெண் வேறு யாரோ. அவளை உங்களிடமிருந்து பறிக்க நான் வரமாட்டேன். இனி நீங்கள் என்னை அங்கே கூப்பிட வேண்டாம். நானும் உங்களை இங்கே கூப்பிட மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கு ஒரு நாள் ஏறிப் பாருங்கள், யாருக்காகவும் காத்திருக்காமல்.

இன்று பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். வழக்கம்போல் இரண்டு மெழுகுவர்த்தி கொண்டுபோயிருந்தேன். ஒன்றை ஏற்றி அவள் தலைமாட்டில் வைத்தேன். செல்லப்பாண்டி பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்ன மதினி, அண்ணனோடத ஏத்தலையா?" என்றான்.

இரண்டு வரிசை தள்ளி, யாரும் வராத ஒரு பழைய கல்லறை இருந்தது. அங்கே கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
பெனிட்டாவின் அம்மா
ஜெயமேரி