டாஷ்போர்டு மாதா

25 அக். 2009, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. மகள் ஜெனியின் ஸ்கூல் யூனிஃபார்ம் ஃபேன் அடியில், நாற்காலி மேல். காஸ் புக் பண்ணவேண்டும். ரேஷன் கார்டை இவர் எங்கே வைத்தாரோ.

பூசைக்குக் காரில் போனோம். வாங்கி ஒரு மாதம் ஆகியும் கோயில் வாசலில் இறங்கும்போது எனக்குக் கூச்சம். செகண்ட் ஹாண்ட்தான். ஆனாலும் இவர் ஊர் படாளத்தில், சொந்தத்தில் முதல் கார். இவருடைய அப்பா அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர். இவர் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். வாரமெல்லாம் ஸ்டாஃப் பஸ், ஞாயிறு மட்டும் கார் ஓனர்.

மதியம் சேவியர் வந்தான். இவர் தம்பி. மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வேலை. துண்டில் சுற்றி ஒன்று கொண்டுவந்தான். கருங்கல்லில் மாதா. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஆனால் முக்காட்டு மடிப்பு, கூப்பிய விரல், எல்லாம் இருக்கிறது. பட்டறை வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து செதுக்கியதாம்.

"வண்டின்னு ஒண்ணு வந்தா, சாமி வச்சாத்தான் அண்ணி அது வண்டி."

கல்லை ஒட்டுகிற பசை கையோடு கொண்டுவந்திருந்தான். முன்சீட்டுக்கு நேராக, டாஷ்போர்டில், பார்த்துப் பார்த்து ஒட்டினான். அங்கே ஏதோ ஆங்கில எழுத்து பதிந்திருந்தது. அது மறைந்துபோனதில் அவனுக்குத் திருப்தி. இவர் கண் கலங்கிவிட்டார். நானும் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தேன்.

சாயங்காலம் ஒரு ரவுண்டு. ஜெ. வழக்கம்போல் முன்சீட்டில், என் மடியில். பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் நாய் குறுக்கே வந்தது. பிரேக். ஜெ. தலை என் தாடையில் இடித்தது. இவருடைய இடது கை பாய்ந்துபோய் மாதாவைப் பிடித்துக்கொண்டது.

"பொண்டாட்டி புள்ள கீறது கண்ணுக்குத் தெரியலையா?"

"உங்களுக்குக் கை கீது, புடிச்சிக்குவீங்க. அவங்க இன்னா பண்ணுவாங்க?"

சிரித்தோம். ஜெ.யும் சிரித்தாள்.

27 அக்., செவ்வாய்

எழுதினால் போகுமா என்று பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பகல் டூட்டி. எக்ஸ்ரே அறையில் நான் மட்டும். ஜி.எஸ்.டி. ரோடு ஆக்ஸிடென்ட் என்று ட்ராலி வந்தது. ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். நினைவில்லை. முகம் முழுக்கப் பஞ்சும் துணியும். கையில் கண்ணாடி வளையல் ஒன்றுகூட உடையவில்லை. அதையே பார்த்துக்கொண்டு வேலையைச் செய்தேன். மண்டை, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கார் ஓட்டிய கணவனுக்கு இடது மணிக்கட்டு, உடைவு. மற்றபடி ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஸ்டியரிங்கில் இருந்த கை எப்படி என்று கேட்டேன். அவ எப்டி கீறாம்மா என்றுதான் திருப்பிக் கேட்டார்.

டார்க் ரூம். சிவப்பு விளக்கு. அந்தப் பெண்ணின் ஃபிலிமை டெவலப்பரில் விட்டு ஆட்டினேன். கறுத்துக்கொண்டு வந்தது. எலும்பு வந்தது. பல் வந்தது. கன்னத்துக்குள் ஓர் இடம் மட்டும் கறுக்கவே இல்லை. வெள்ளையாகவே நின்றது. இரண்டு காது. தும்பிக்கை. வயிறு. கட்டைவிரல் அளவுக்கு உட்கார்ந்திருந்தார்.

ஃபிலிம் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. எடுத்து மறுபடி கிளிப்பில் மாட்டினேன்.

ஈரத்தோடு வெளியே வந்தால், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அந்த ஆள்.

"அம்மா, மெதுவாத்தாம்மா வந்துகினு இருந்தேன். லாரிக்காரன் நின்னுட்டான், பின்னாடி இடிச்சிட்டேன். மூட்ட மாதிரி ஒண்ணு டமார்னு வந்துச்சி. வண்டில புள்ளையாரக் காணோம்மா. சீட்டுக்கு அடில எல்லாம் தேடிட்டேன். பித்தளப் புள்ளையாரு, கல்யாணத்துக்கு மாமனார் குடுத்தது. முன்னாடி ஒட்டி வச்சிருந்தேன். எங்க பூட்டாருன்னே தெரில."

ஃபிலிம் என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.

சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைப்பாளா, தெரியாது.

28 அக்., புதன்

மழை இல்லை, புழுக்கம். வீக் ஆஃப்.

இவர் போனதும் காரிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். வண்டியோடு வந்தது. யாரும் பிரித்ததே இல்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மாதா நிற்கிற இடம் ஒரு மூடி. அதற்கடியில் காற்றுப் பை, ஏர்பேக், மடித்து வைத்திருக்கிறது. சேவியர் மறைத்த ஆங்கில எழுத்து அதுதான். பலமாக மோதினால், கண் இமைப்பதற்குள் மூடியைப் பிளந்துகொண்டு வரும். மூடி மேல் என்ன இருக்கிறதோ அதுவும் வரும். எதிரே இருப்பது உட்கார்ந்திருப்பவரின் முகம்.

மறக்காமல் இருக்க:

– மூடி மேல் எதுவும் ஒட்டக்கூடாது, வைக்கக்கூடாது. சாமியும்தான் (இது நான் சேர்த்தது).
– பிள்ளை முன்சீட்டில் கூடாது. மடியில் கூடவே கூடாது. பின்சீட், பெல்ட்.
– பெல்ட் போடாதவரை அந்தப் பையே அடித்துவிடும். பெல்ட்டுக்குத் துணைதான் பை.
– சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்ந்து உட்காரவேண்டும். ஓட்டுகிறவரும்தான்.
– சாவி திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு.

போய்ச் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். எரிந்தது, அணைந்தது. அப்படியானால் பை நன்றாக இருக்கிறது. நல்ல சேதிக்கு நான் பயந்தது இதுதான் முதல் தடவை.

முன்சீட்டுக்கு மேலே வெயில் மறைப்பில் இவர் ஒட்டிய மாதா ஸ்டிக்கர். ஓரத்தில் பிய்ந்திருந்தது, உரித்தேன். அடியில் ஒரு மஞ்சள் படம். குழந்தை, அதன் மேல் குறுக்குக் கோடு. ஒரு மாதமாக ஜெ. அதற்குக் கீழேதான் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

இவர் வந்ததும் எல்லாம் சொன்னேன். முகம் கழுவிக்கொண்டே கேட்டார். பிறகு:

"அது ஏதோ ஏனோதானோன்னு ஒட்டினதா இருக்கும். இது சேவியரு ஒட்டினது. பத்து பேரு இஸ்த்தாலும் வராது."

"அவன் ஒட்டினது மூடி மேல. மூடியே பேத்துகினு வருமே."

"ஸ்டெல்லா, மாதாவப் பாத்து பயப்படற கிறிஸ்டீன இப்பத்தான் பாக்கறேன். தம்பி ஒவ்வொரு நாளும் கண்ணு எரிய எரிய ஒக்காந்து செஞ்சது. நான் எடுக்க மாட்டேன்."

டிவி போட்டுவிட்டார்.

31 அக்., சனி

மழை. இவர் மெழுகுவர்த்தி, மாலை வாங்கப் போயிருந்தார். வெங்காயம் நறுக்குகிற கத்தியோடு காருக்குள் போய் உட்கார்ந்தேன்.

மாதாவின் காலடியில் கத்தியை விட்டு நெம்பினேன். அசையவில்லை. கத்திதான் வளைந்தது. அவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. சேவியர் உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறான். பார்த்துக்கொண்டே இருந்தபோது சுற்றியிருந்ததெல்லாம் கறுத்து அந்த உருவம் மட்டும் வெள்ளையாக நின்றது. கண்ணை மூடினேன், அப்போதும் நின்றது. கதவைத் திறந்து மழையில் இறங்கிவிட்டேன்.

ஜெபமாலை எடுத்தேன், பாதியில் நின்றுவிட்டது. மாதா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நாம்.

ஜெ.: "மம்மி, மாதாவ ஏன் கத்தியால குத்துன?" ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

திங்கள் கல்லறைத் திருநாள். படாளத்தில் எல்லாரும் காருக்காகக் காத்திருக்கிறார்கள்.

2 நவ., திங்கள்

நானும் ஜெ.யும் பஸ்ஸில் போனோம். கிளம்பும்போது இவர்:

"காரு வாங்கிட்டு பொண்டாட்டிய பஸ்ல அனுப்பறான்னு ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

வழியெல்லாம் ஜெ. அழுகை. படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே போனோம்.

மாமனார், மாமியார் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சாமந்தி. ஏற்ற ஏற்ற மெழுகுவர்த்தி அணைந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனதும் பிள்ளைகள் காரைச் சூழ்ந்துகொண்டன. இவர் ஒரு ரவுண்டு கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் நாத்தனார் முன்சீட்டில். மடியில் அவள் மகள், அதன் மேல் இன்னொரு குழந்தை. குழந்தையின் கை மாதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. பானெட்டுக்கு முன்னால் நின்றேன்.

"எறங்கு. புள்ளைங்கள எறக்கு. முன்னாடி ஒக்காராத."

நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏன் அண்ணி, நாங்க முன்னாடி ஒக்காந்தா வண்டி தீட்டாயிடுமா? அவங்க வூட்டுல சொல்ற மாதிரியே சொல்றீங்க?"

அவங்க என்றால் யார் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவர்கள் வயலில்தான் இவள் அம்மா நடவு நட்டாள். நான் என்ன சொல்வது? ஒரு பொம்பளையின் கன்னத்துக்குள் பிள்ளையாரைப் பார்த்தேன் என்றா? அழுதேன். அதற்கும் ஒருத்தி, பேய் புடிச்சிகிச்சி போல, கல்லறைக்கு வந்த எடத்துல என்றாள். பிள்ளைகள் இறங்கிவிட்டன. இவர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போதும் நானும் ஜெ.யும் பஸ்தான்.

5 நவ., வியாழன்

எக்ஸ்ரே அறை ஜன்னலில் ஒருவர். "அம்மா, என்ன ஞாபகம் வச்சிகினு கீறியா?" இடது கையில் மாவுக்கட்டு. உடனே தெரிந்துவிட்டது.

"பொழச்சிகினாம்மா. ஒரு கண்ணு போய்ட்டுது. வாய் தொறக்க முடியல."

தோளில் மஞ்சள் பை. அதற்குள் பேப்பரில் மடித்திருந்ததை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார். கழுவித் துடைத்து, பளபள என்று.

"ஆபரேசன் பண்ணி எடுத்துக் குடுத்தாங்க. கோயில்ல குடுக்கலாம்னு போனேன், விசயத்தக் கேட்டுட்டு வாங்க மாட்டேன்ட்டாரு. வூட்டுல வச்சா அவ பாக்கணும். தூக்கிப் போட கை வர்ல. படத்துல மொதல்ல பாத்தது நீதான்மா. நீயே சொல்லு, இன்னா பண்றது?"

எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். அவர் போகவில்லை.

"கையில எப்டி அடின்னு அன்னிக்குக் கேட்டியே. பிரேக் அடிச்சப்போ இந்தக் கை போயி புள்ளையாரத்தாம்மா புடிச்சிது. பக்கத்துல அவ கீறா. அவளப் புடிக்கல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த பேஷண்டுக்கு நெஞ்சுப் படம், மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றேன். விடச் சொல்ல மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கையை விரித்து அதை வைத்தேன். கனத்துப் பாருங்க என்றேன். யார், என்ன, எங்கேயிருந்து எடுத்தது, அந்த ஆளின் கை எங்கே போனது, எல்லாம் சொன்னேன். இவர் உள்ளங்கையை மூடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. வெளியே போய்க் கார்க் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். அங்கேயிருந்தே போன்.

"டேய், அத எடுத்துடலாம்டா... நல்லாத்தான் செஞ்சிருக்க. யாரு இல்லன்னா... அதுக்கில்லடா."

போனை வைத்த பிறகும் பிள்ளையார் அவர் கையிலேயே இருந்தார்.

7 நவ., சனி

சேவியர் வந்தான். நேராகக் காருக்குப் போனான். மெக்கானிக் பாட்டரி ஒயரைக் கழற்றி, மூடியையே தனியாக எடுத்துத் தரையில் வைத்தார். புதுசு போட்டுவிடலாம், சொல்லியிருக்கிறேன், வர ஒரு வாரம் ஆகும் என்றார். மூடியிலிருந்து மாதாவைப் பிரித்தது சேவியர்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. கடைசியில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கோடு வந்தது.

"நான் இன்னா அண்ணி, உங்க மூஞ்சில அடிக்கறதுக்கா செஞ்சேன்?"

இல்லடா என்றேன். அவன் அழுதான். இவர் சமையலறையில் காபி போடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

மாதா இப்போது வீட்டில், பீடத்தில். பித்தளைப் பிள்ளையாரைச் சேவியர் வாங்கிக்கொண்டான். பட்டறையில் உடைந்து பின்னமான சாமியைக் கடலில் விடுவார்கள். இந்தப் பிள்ளையார் பின்னமே ஆகவில்லை, ஆனாலும் நான் பார்த்துக்கிறேன் என்றான். கைக்குட்டையில் சுற்றினான், சட்டைப் பையில் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினான்.

படாளத்துக்கு போன் போட்டேன். நாத்தனார் எடுக்கவில்லை.

15 நவ., ஞாயிறு

வெயில். எத்தனை நாளைக்குப் பிறகு. இட்லி மாவு பொங்கி வழிந்து ஃபிரிட்ஜ் எல்லாம் நாஸ்தி.

புது மூடி நேற்றே போட்டாயிற்று. பூசைக்குக் காரில். ஜெ. பின்சீட்டில், பெல்ட், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. நான் முன்னால், சீட்டை நன்றாகத் தள்ளிப்போட்டு. விளக்கு எரிந்தது, அணைந்தது. எதிரே டாஷ்போர்டு மொட்டையாக இருந்தது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் மாடு. பிரேக்.

இவர் இடது கை பாய்ந்தது. மாதா நின்ற இடத்துக்கு. அங்கே எதுவும் இல்லை. கை அப்படியே அந்த மூடி மேல் நின்றது. மாடு போய்விட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மெதுவாக என் தோள் பக்கம் கொண்டுவந்தார்.

"ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வைங்க" என்றேன்.

வைத்தார். வண்டியை எடுத்தார்.