அளவுகோடு இல்லாத படம்

அக்கா, இன்று உன் பீரோவைக் காலி செய்தபோது தோவாளைப் பூச்சந்தைக்கு நீ கொண்டுபோகும் பர்ஸ் கிடைத்தது. திறந்ததும் காய்ந்த பிச்சிப்பூ வாசம். உள்ளே, நான் உனக்கு வரைந்துகொடுத்த படம் நாலாக மடிந்து கிடந்தது. மடிப்பு கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி வைத்திருக்கிறாய். நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவப் புத்தகங்களுக்கு ஈரலும் குடலும் வரைவது என் பிழைப்பு. "நாள் முழுக்கக் குடலை வரைஞ்சிட்டு, உனக்குச் சோறு எப்படிட்டி இறங்குது?" என்று கேலி செய்வாய். ஆனாலும் பென்சில் சீவும் சத்தம் கேட்டால் பக்கத்தில் வந்துவிடுவாய். ரத்தக்குழாய் எங்கே கிளை பிரிகிறது என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போவாய். உடம்புக்குள் இவ்வளவு அழகு யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறதே என்ற ஆதங்கத்தில்தான் நான் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். அது உனக்கு மட்டும்தான் புரிந்தது.

சினைப்பையில் கட்டி, உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன அன்று, வடசேரியில் பஸ் ஏறியதும், "நீ வரைஞ்சு காட்டு, அப்பதான் எனக்கு விளங்கும்" என்றாய். வரைந்தேன். கருப்பை, குழாய்கள் எல்லாம் சரியாக வந்தன. கட்டிக்கு வந்ததும் கை நின்றது. ஸ்கேனில் அது எலுமிச்சம்பழம் அளவு. நீ முகம் வெளுத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிச்சி மொட்டு அளவுக்கு வரைந்துவைத்தேன். உண்மையில் எத்தனை சென்டிமீட்டர் என்று காட்ட எந்தப் படத்துக்கும் ஓரத்தில் போடும் அளவுகோட்டையும் போடவில்லை.

"இவ்வளவுதானா? இதுக்கா அந்த மனுசன் அவசரப்படுதாரு? ஓணம் கழியட்டும் மக்கா, கேரளாவுக்குப் பூ லோடு போற நேரம்" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உன் முகம் தெளிந்ததில் எனக்கு நிம்மதி. பாழாய்ப்போன நிம்மதி.

ஓணம் முடிந்து மறுபடி டாக்டரிடம் போனபோது உன் வயிற்றில் நீர் கோத்திருந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கடிந்துகொண்டார். நீ பர்ஸிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாய்.

"சின்னதுதானே சார். என் தங்கச்சி வரைஞ்சா தப்பா இருக்காது."

அவர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நீயும் திரும்பிப் பார்த்தாய். அதன்பிறகு நாலு மாதம் இருந்தாய், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேப்பை எப்போது ஒட்டினாய் என்று தெரியவில்லை.

இப்போதும் வரைகிறேன். வெற்றுத்தாளில் முதலில் போடுவது அளவுகோடுதான். போன வாரம் ஒரு பெண் தன் அம்மாவுக்கு வந்திருக்கும் கட்டியை அவளுக்குக் காட்டப் படம் கேட்டாள். "கொஞ்சம் சின்னதா வரைஞ்சிருங்க, அம்மா பயந்துருவாங்க" என்றாள். உள்ளபடி வரைந்தேன். அந்த அம்மா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். மகள் என்னை முறைத்தாள்.

உன்னையும் அன்றைக்கு அப்படி அழ விட்டிருக்க வேண்டும், அக்கா.