அணைக்க மறந்த கேமரா

உங்கள் மனைவி கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கைத் திறந்ததும் முதலில் வந்தது புளிச்சோற்று வாசனை. உள்ளே பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க். மழைக்காலத்தில் படம்பிடிக்கப் போனால், சாப்பாட்டை முடித்துத் தூக்கைத் துடைத்து அதில்தான் டிஸ்க்கை வைப்பீர்கள். நல்லதாக ஒரு பெட்டி வாங்குங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "சோறே நனையாம வருது மேடம், உங்க படம் நனைஞ்சிடுமா?" என்பீர்கள்.

தஞ்சாவூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவின் பின்னறையில்தான் நான் எடிட்டரானேன். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அப்பா விம்மினால் அதை வெட்டச் சொல்வார்கள். ஆவணப்படத்துக்கு வந்த பிறகோ, அழுகை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். இரண்டுக்கும் நீங்கள்தான் கேமரா. பேட்டி முடிந்ததும் அணைக்க மறந்து அப்படியே நடப்பீர்கள். வரப்பு, உங்கள் செருப்பு, தலைகீழாக வானம், யாரிடமோ தண்ணீர் கேட்கும் உங்கள் குரல். இந்தக் குப்பையைப் பார்த்தே என் கண் போய்விட்டது என்று திட்டுவேன். "உங்களுக்குக் கத்திரிக்கிற வேலை வேணாமா?" என்று சிரிப்பீர்கள்.

இந்த முறை திட்ட ஆள் இல்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் எடுத்துவிட்டு வந்த வாரமே நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அந்த டிஸ்க்கில், களத்தில் நனைந்த நெல்லைக் காலால் கிளறியபடி ஓர் அம்மா பேசுகிறார். "அப்பன் சாவுக்குக்கூட என் பையன் வரலை. சிங்கப்பூர்ல லீவு கிடைக்கலையாம்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். கால் மட்டும் நெல்லைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு காட்சி என் கைக்கு வந்ததில்லை. படத்தை அதில்தான் முடித்தேன். இயக்குநர் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. வேறு எதற்கும் இல்லை. அந்தப் பேட்டிக்குப் பின்னால் நீங்கள் அணைக்க மறந்த துண்டை ஓடவிட்டேன். களத்து மண், உங்கள் செருப்பு. அந்த அம்மாவின் குரல் பின்னாலேயே வந்தது.

"தம்பி, தம்பி. பையனைப் பத்திச் சொன்னதைப் போட்டுடாதீங்க. அவன் பார்த்தா தாங்க மாட்டான்."

செருப்பு நின்றது. "போட மாட்டோம்மா. எங்க எடிட்டர்ட்ட சொல்லிடறேன். சொன்னா வெட்டிடுவாங்க, நல்லவங்க."

சொல்ல உங்களுக்கு நாள் கிடைக்கவில்லை. நான் வெகுநேரம் அழுதேன். கோபமும் வந்தது. அப்படி ஒரு காட்சியைக் கொடுத்துவிட்டு, நல்லவள் என்றும் சொல்லி வைத்திருக்கிறீர்களே.

வெட்டிவிட்டேன். "அந்தம்மா சம்மதம்னு கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்காங்க, எதுக்கு வெட்டினீங்க?" என்று இயக்குநர் சத்தம் போட்டார். நான் உங்கள் துண்டை ஓடவிட்டேன். செருப்பு நின்ற இடத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. படத்தின் முடிவில் இப்போது அந்த அம்மா பேசுவதில்லை, நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கிறார்.

தூக்கை உங்கள் மனைவியிடம் கேட்டு நானே வைத்துக்கொண்டேன். புதிதாக வந்திருக்கும் கேமராக்காரர் கெட்டிக்காரர், பேட்டி முடிந்த நொடியே அணைத்துவிடுகிறார். அவரிடம் சொல்லியிருக்கிறேன், கொஞ்ச தூரம் நடந்துவிட்டு அணையுங்கள் என்று.