கொடுக்காத புகாரைத் திரும்பப் பெற அனுமதி வேண்டி

அனுப்புநர்
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்,
தற்போது மதிப்புறு ஆய்வாளர்,
தாவரவியல் துறை, மாடிப்படிக்குக் கீழுள்ள அறை.

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம், முதல் தளம்.

பொருள்: வேதியியல் துறைப் பின்சுவரைச் சுத்தம் செய்யும் பணியைப் பாதியில் நிறுத்தி, பாதியிலேயே விட்டுவைக்க வேண்டுதல், வெளி நிதி ஆய்வு விண்ணப்பத்தில் தங்கள் கையொப்பம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கட்டடப் பராமரிப்புப் பிரிவின் குறுஞ்செய்தி: 'உங்கள் புகார் ஏற்கப்பட்டது.'
2. அதே பிரிவின் குறுஞ்செய்தி: 'உங்கள் பாராட்டுக்கு நன்றி.'

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பணிக்காலம் முழுவதிலும் தங்கள் அலுவலகத்தைத் தொந்தரவு செய்தவன் அல்லன் நான். இன்று செய்கிறேன். கையெழுத்து சற்றே ஆடியிருந்தால் அதற்கு வயது காரணமன்று. மடியில் வைத்து எழுதுகிறேன், தவிர மிகுந்த உற்சாகத்திலும் இருக்கிறேன். இரண்டுக்கும் மன்னிக்க வேண்டும்.

1. வேதியியல் துறைக் கட்டடத்தின் பின்சுவரில் பாசி படர்ந்துள்ளது. மேல்தொட்டி நிரம்பி வழியும் நீர் அச்சுவரில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தின் விசிறிகள் அமிலப் புகையை அதன் முகத்திலேயே ஊதுகின்றன. அங்கே எதுவும் உயிர் பிழைக்க நியாயமில்லை. ஆனாலும் பாசி பிழைத்திருக்கிறது. எந்த வகைப் பாசி எவ்விடத்தில் நிற்கிறது, எது பின்வாங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு, அங்கே நடமாடுவோர் சுவாசிக்கும் காற்று எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது எனக் கணிப்பதே எங்கள் ஆய்வு.

2. 'எங்கள்' என்பதை விளக்கிவிடுகிறேன். இந்த ஆய்வின் மூளை என் இணை ஆய்வாளருடையது. அவர் எங்கள் துறையின் தற்காலிக விரிவுரையாளர். இந்தப் பருவம் முடிவதோடு அவர் பணியும் முடிகிறது. நிதி கிடைத்தால் மூன்றாண்டு ஊதியத்தோடு இங்கேயே இருப்பார். கிடைக்காவிட்டால் அவரும் போவார், அவர் தலைக்குள் இருக்கும் பாசியும் போகும். தற்காலிகப் பணியாளர் முதன்மை விண்ணப்பதாரராக இருக்க விதி இடம் தராததால், என் பெயரைக் கடன் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெயருக்கு இப்படியொரு பயன் இருக்குமென நான் எண்ணியதில்லை.

3. விண்ணப்பம் தயாரித்த விதம் பற்றிச் சில வார்த்தைகள். எதிர்பார்க்கும் பலன்கள் என்ற பகுதியை நான் எழுதினேன். இணை ஆய்வாளர் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பி என் பக்கமே தள்ளினார். "சார், வரிக்கு வரி 'ஒருவேளை', 'இருக்கக்கூடும்', 'என்று தோன்றுகிறது'. பணம் கொடுக்கிறவங்க நம்மள நம்பணுமா, இல்ல நமக்கு ஆறுதல் சொல்லணுமா?" என்றார். அவற்றை நீக்கினேன். நீக்கியபின் படித்தால் வேறு யாரோ ஒரு துணிச்சல்காரர் எழுதியதுபோல் இருந்தது. வரவுசெலவுத் திட்டத்தில் தெளிப்புக் குப்பி ஒன்றுக்கு வைத்திருந்த தொகையைக் குறைக்கலாமா என்று கேட்டேன். அவர் வரவுசெலவுப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

4. ஆய்விடத்தின் நிலை என்ற பகுதியை மட்டும் நான் எழுதியபடியே விட்டார். அதில் பின்வருமாறு குறித்திருந்தேன்: 'இச்சுவர் ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கிறது. தொட்டி இடைவிடாது கசிகிறது. கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலை வரை பாசி அடர்ந்திருக்கிறது. பல்லாண்டுகளாக இதன்மேல் எவர் கையும் பட்டதில்லை.' கடைசி வரியைப் பெருமையோடு எழுதினேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

5. வளாகக் கட்டடம் எதையேனும் குறிப்பிடும் ஆய்வு விண்ணப்பத்தின் நகல், தடையின்மைச் சான்றுக்காகக் கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது நம் ஆய்வு அலுவலகம் இவ்வாண்டு கொண்டுவந்த நடைமுறை. அனுப்பினார்கள். நான் பெருமையோடு எழுதியதை அவர்கள் தலைகுனிவோடு படித்திருக்கிறார்கள். விண்ணப்பம் பழுதுப் புகாராகப் பதிவானது. 'அவசரம்' என்ற முத்திரையும் விழுந்தது. பார்வை ஒன்றில் கண்ட குறுஞ்செய்தி வந்தபோது, அது என் அறை மின்விசிறியைப் பற்றியது என்றே எண்ணினேன். என் அறை மின்விசிறி குறித்து அதே பிரிவுக்கு நான் கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என இவ்வேளையில் கேட்கமாட்டேன்.

6. திங்கட்கிழமை காலை பிரிவின் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். "சார், பெரியவங்க நீங்க எழுதிக் கேட்டு நாங்க சும்மா இருப்போமா? சுவர சுத்தமா சுரண்டி, உங்களுக்குன்னு ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிட்டேன். திருப்திதானே?" என்றார். என்ன சுவர், எதைச் சுரண்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பேசுகிறவர் மனம் நோகக் கூடாதே என்ற பழக்கத்தால், "மிக்க நன்றி" என்றேன். பார்வை இரண்டில் கண்ட குறுஞ்செய்தி உடனே வந்தது. அந்த நன்றி விஷயம் விளங்காமல் கூறப்பட்டது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

7. சந்தேகம் தட்டி நான் சுவரருகே போய்ச் சேர்வதற்குள் கிழக்குப் பாதி மொட்டையாகிவிட்டது. கம்பி பிரஷ்ஷும் சுரண்டும் தகடுமாக ஏணிமேல் ஆட்கள் நின்றார்கள். கீழே பச்சைக் குவியல் கிடந்தது. நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினேன். மேஸ்திரி அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு அவரும் கையை உயர்த்தினார்.

8. அப்போது இணை ஆய்வாளர் ஓடிவந்தார். அழப்போகிறார் என்று பயந்தேன். அவரோ மொட்டைச் சுவரைப் பார்த்தார், பாசிச் சுவரைப் பார்த்தார், மறுபடி மொட்டைச் சுவரைப் பார்த்தார். பிறகு ஒரு கூச்சல் போட்டார். வேதியியல் துறையின் சன்னல்கள் எல்லாம் திறந்தன.

காரணத்தைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு இதே விண்ணப்பத்தை நிதி நல்கும் நிறுவனம் திருப்பி அனுப்பியது. பாசியுள்ள பரப்பு உள்ளது, அதே சுவரில் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பரப்பு எங்கே என்று கேட்டிருந்தார்கள். வெறும் பரப்பில் எந்தப் பாசி முதலில் திரும்பி வருகிறது என்று கவனித்தால்தான் ஆய்வு முழுமை பெறும். நியாயமான கேள்வி. ஆகவே உள்ளங்கை அகலம் சுரண்டிக்கொள்ள அனுமதி கேட்டுக் கட்டடப் பிரிவுக்கு எழுதினோம். பல்கலைக்கழகச் சொத்துக்குச் சேதம் விளைவிக்க இயலாது என மறுத்துவிட்டார்கள். அதே பிரிவு இப்போது தன் செலவில், தன் ஆட்களைக் கொண்டு, கோடு கிழித்ததுபோல் சரிபாதி சுரண்டித் தந்திருக்கிறது! இணை ஆய்வாளர் என் தோளைப் பிடித்துக் குலுக்கி, "சார், கிடைச்சிருச்சு சார், நமக்கு வெறுஞ்சுவரு கிடைச்சிருச்சு!" என்றார். நானும் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஏணியிலிருந்து ஒருவர் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்தார்.

9. அந்தத் தண்ணீரில் பாதியை, நீர் எட்டாமல் வெயில்பட்டுக் காய்ந்து பழுப்பேறியிருந்த ஓர் ஓரத்துப் பாசியின்மேல் தெளித்தேன். செத்ததுபோல் சுருண்டு கிடந்த அதன் நுண்ணிய இலைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்து பச்சையாயின. மேஸ்திரி தகட்டைக் கீழே வைத்துவிட்டார். "இத்தன நாளு இத அழுக்குன்னுல்ல சுரண்டிக்கிட்டிருந்தேன்! எங்க, இன்னொரு வாட்டி ஊத்துங்க சார்," என்றார். பிறகு ஆளுக்கொரு குவளையோடு தெளித்துப் பார்த்தார்கள். அன்று வேலை அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மேஸ்திரி நேர்மையாக இன்னொன்றையும் சொன்னார்: "நான் நிறுத்திக்கிறேன்னு நிறுத்த முடியாது சார். மேலேர்ந்து ஒரு பேப்பர் வாங்கிட்டு வாங்க, ஏணிய மடிச்சிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். நாளைக்கு வேற எடத்துல வேல; பேப்பர் வரலேன்னா புதன்கிழம மத்தியானம் மீதிப் பாதியையும் சுரண்டிட்டு சுண்ணாம்பு அடிச்சே ஆகணும்."

10. அந்தக் காகிதத்துக்காக நேற்று கட்டடப் பிரிவில் அலைந்தேன். புகாரைத் திரும்பப் பெறப் புகார்தாரர் வர வேண்டும் என்றார்கள். வந்திருக்கிறேன் என்றேன். புகார் கொடுத்தீர்களா என்றார்கள். இல்லை என்றேன். அப்படியானால் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை இல்லையே என்றார்கள். வாதத்தில் குறை காண முடியவில்லை. ஒத்துக்கொண்டு வந்துவிட்டேன். இணை ஆய்வாளர், "ஒத்துக்கிட்டா வந்தீங்க?" என்று கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

11. இன்று புதன்கிழமை. ஆகவே காலையிலேயே துறையிலிருந்து நாற்காலி ஒன்றை எடுத்துவந்து, பாசியுள்ள பாதியின் முன் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதுகு சுவரில் படாமல் கவனித்துக்கொள்கிறேன். இவ்வாறு எதன் முன்னும் நான் உட்கார்ந்ததில்லை. தகவல் சொல்ல மனைவியிடம் தொலைபேசியில் பேசினேன். கோபித்துக்கொள்வார், அதைச் சாக்கிட்டு எழுந்துவிடலாம் என்ற எண்ணமும் உள்ளூர இருந்தது. "வாழ்க்கையில முதல் தடவையா ஒரு இடத்துல உறுதியா உக்காந்திருக்கீங்க. எழுந்திரிச்சு மானத்த வாங்காதீங்க. தொப்பியும் மாத்திரையும் எடுத்துட்டு வரேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

12. எனவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது இதுதான். நான் கொடுக்காத புகாரை ரத்து செய்யுங்கள். சுரண்டிய பாதியில் சுண்ணாம்பு படக் கூடாது. சுரண்டாத பாதியில் தகடு படக் கூடாது. ஒரு வேலையைப் பாதியில் விடச் சொல்லித் தங்களிடம் மனு வருவது புதிதாக இருக்கலாம். தயவுசெய்து தொட்டிக் கசிவையும் யாரும் சரிசெய்துவிட வேண்டாம். நல்லெண்ணத்தில் யாராவது செய்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். நிறுத்த உத்தரவை ஒரே வரியில், முத்திரையோடு தந்தால் போதும்.

13. இணைப்பில் உள்ள விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் நிறுவனத் தலைமையின் ஒப்புதல் என்ற இடம் தங்களுக்காகக் காலியாக உள்ளது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் பதிவேற்றும் இணையவாசல் மூடிவிடும். ஆய்விடத்தின் நிலை என்ற பகுதியை நேற்றே திருத்திவிட்டோம். அதில் வெறும் பரப்பைத் தயாரித்து உதவிய கட்டடப் பிரிவுக்கு நன்றி கூறியுள்ளோம். இந்த நன்றி விஷயம் முழுதும் விளங்கிக் கூறப்பட்டது. திரும்பப் பெறமாட்டேன்.

14. மனுவை இணை ஆய்வாளரே நேரில் கொண்டுவருகிறார். தங்கள் அறை வாசலில் நிற்பார். தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னால் கூட்டம் நடக்கும் இடத்துக்கு வருவார். அவரைத் தடுக்கும் ஆற்றல் எனக்கில்லை, அந்த எண்ணமும் இல்லை. மேஸ்திரியும் ஆட்களும் மதிய உணவைச் சற்று நீட்டித்து உண்ண இசைந்துள்ளார்கள். தங்கள் உத்தரவு கைக்கு வரும்வரை இந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன். முந்தைய வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன். எழுதியது நான்தான், அப்படியே இருக்கட்டும்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்

நாள்: புதன்கிழமை, நண்பகல்
இடம்: வேதியியல் துறைப் பின்சுவர், ஏணிக்கும் பாசிக்கும் நடுவே

இணைப்பு: ஆய்வு விண்ணப்பம், ஒரு பேனா.