துரைசாமிக்குக் கொடுத்த ஷூ

சித்திரை 6, ஞாயிறு.

முதலமடை மைதானத்தில் இன்று துரைசாமிக்குப் பாராட்டு விழா. பத்து வருடம் மாநில கிரிக்கெட் அணிக்குப் பந்து வீசியவன். முன்வரிசையில் எனக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். மற்றவர்கள் கைதட்டியபோது என் கை மட்டும் கனத்தது.

இருவரும் இதே மைதானத்தில் பிட்ச்சுக்கு விரித்த ஒரே கயிற்றுப் பாயில் பந்து வீசிப் பழகியவர்கள். வேகம் எனக்குத்தான் அதிகம். அதை இன்று யாரிடம் போய்ச் சொல்வது?

மைக்கைப் பிடித்ததும் அவன் என்னைக் கை காட்டினான். "செலக்சனுக்குப் போறப்ப எனக்கு ஷூ கெடையாதுங்க. நம்ம கந்தசாமிதான் அவன் ஷூவக் கழட்டிக் குடுத்தான். காலுக்குப் பத்தலைன்னு முன்னாடி அறுத்து உட்டுக்கிட்டுப் போனேன். அன்னைக்கு மாங்கா லோடு ஏத்தற வேல இல்லீன்னா இவனும் வந்திருப்பான். நான் இங்க நின்னிருக்க மாட்டேனுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவன் என் பேரையே எடுக்காமல் விட்டிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "ஏனுங்க, ஊரே மெச்சுது. நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறீங்க?"

தலைவலி என்றேன்.

லோடு ஏற்ற அப்பா நிறுத்திவிட்டார் என்று அன்று நான் சொன்ன கதையை அவன் இன்னும் நம்புகிறான். மகனை அனுப்பாத பாவி என்ற பேரோடுதான் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அன்று லாரி விடியும் முன்பே கிளம்பிவிட்டது. தோப்பில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அடிபட்ட மாங்காயைப்போலச் செலக்சனில் என்னையும் கழித்துவிடுவார்களோ என்று பயந்து, நானாகத்தான் ஷூவைக் கழற்றினேன்.