வீடியோ கேம் வாங்கலாமா, வேண்டாமா

ஜூன் 12, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. மலைக்கு டூரிஸ்ட் ஜீப் ஓட இன்றும் தடை. அதனால் ஜீப் டிரைவரான என் வீட்டுக்காரர் கட்டிலில், என் ஃபோனோடு. அவர் ஃபோன் உடைந்து ஒரு மாதம். சரி பண்ணலாம் என்றால், "சீசன் வரட்டும்."

ரிசார்ட்டில் எனக்கு ரூம் சுத்தம் பண்ணும் வேலை. ஆள் வேண்டுமென்றால்தான் கூப்பிடுவார்கள். நேற்றுக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் கட் பண்ணிவிட்டார். டியூட்டி பக்கத்து வீட்டு மாரிக்குப் போயிற்று. அவளே வந்து சொன்னாள்: "சூப்பர்வைசரு ரெண்டு தடவ அடிச்சாராம்ல. நீ எடுக்கலன்னுதான் என்னையக் கூப்பிட்டாரு. கோவிச்சுக்காதக்கா."

இவரிடம் கேட்டேன். "கேம் நடுவுல வந்துச்சு செல்வி. அதுக்கு என்ன இப்ப?"

என்ன இப்பவாம். இன்னொரு தடவை எடுக்காவிட்டால் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிடுவார்கள்.

கையில் பிடித்து விளையாடுகிற மெஷின் மலிவாகக் கிடைக்கிறதாம், மாரி சொல்கிறாள். அது வந்தால் ஃபோன் எனக்கு.

ஜூன் 13, வெள்ளி

பூப்பாறை பஜாருக்குப் போனேன். அரிசி, சோப்பு, தைலம். பிறகு ஃபோன் கடை.

நல்லது: நெட் வேண்டாம். கைக்கு அடக்கம். டிவியிலும் மாட்டலாம். ஃபோன் சார்ஜரே போதும்.

கெட்டது: பெட்டியில் நானூறு கேம், போட்டுப் பார்த்தால் ஒரே கார் வேறு வேறு பேரில் ஓடுகிறது. பட்டன் இப்போதே கொழகொழ. சத்தம் தகரம். சார்ஜ் தீர்ந்தால் ஆடியது அத்தனையும் போச்சு. வாரண்டி கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "இந்த வெலைக்கு வாரண்டியாக்கா? படி எறங்குற வரைக்கும் நான் கேரண்டி."

அவர் சொல்லாத கெட்டது ஒன்று: மழை விட்டாலும் இவர் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார். வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்கிறேனோ.

வாங்கிவிட்டேன். புருஷனுக்குப் பொம்மை வாங்கிய பொம்பளை இந்த எஸ்டேட்டில் நான் ஒருத்திதான்.

ஜூன் 15, ஞாயிறு

வீடு முழுக்க டொய்ங் டொய்ங். தலைவலி. ஆனால் ஃபோன் என் இடுப்பில். சூப்பர்வைசர் கூப்பிட்டார், முதல் மணியிலேயே எடுத்தேன். நாளைக்கு டியூட்டி. மீன் குழம்பு வைத்தேன், இவருக்கு ஒரு துண்டு கூடுதல். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

மழை கொஞ்சம் குறைவு. துணி காயவில்லை.

குளித்துவிட்டு வந்தால் ஃபோன் இவர் கையில். கேம் இல்லை. யார் யார் கூப்பிட்டார்கள் என்று தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்.

"ஞாயித்துக்கெழம அந்த சூப்பர்வைசரோட என்ன அவ்வளவு நேரம் பேச்சு?"

"டியூட்டிக்கு வரச் சொன்னாருங்க. வேறென்ன பேச?"

இப்போதுதான் புரிகிறது. அன்றைக்குக் கட் பண்ணியதும் கேமுக்காக இல்லை. மடச்சி, கடைக்குப் போய்ப் பட்டனை அமுக்கிப் பார்த்தேனே.

மெஷின் தலையணை மேல் சும்மா கிடந்தது. "அத எடுத்து வெளாட வேண்டியதுதான?" என்றேன்.

"அதுல யாரும் கூப்பிட மாட்டாங்களே" என்றார்.

அப்போது ஃபோன் அடித்தது. ரிசார்ட். கை நீட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, அடித்து ஓயும்வரை பிடித்தபடியே இருந்தார்.